நிகழ்வு ஆய்வு: ஒரே பெயரில் மூன்று ரிசீவர்கள்

மூன்று சாட்டிலைட் ரிசீவர்கள். மூன்றின் முகப்பிலும் ஒரே பெயர், ஒரே மாடல் எண். முதலாவது சில வருடங்களாக ஓடிக்கொண்டிருப்பது. தயாரிப்பாளர் வெளியிட்ட புதிய சாஃப்ட்வேரை அதில் ஏற்றியபோது ஒரு பிரச்சினையும் வரவில்லை. மற்ற இரண்டும் பின்னால் ஒரே இடத்தில் சேர்த்து வாங்கியவை. அவற்றில் ஒன்றில் அதே ஃபைலை, அதே பென்டிரைவிலிருந்து உரிமையாளர் ஏற்றியிருக்கிறார்.

"நூறு பர்சன்ட் வந்துச்சு சார், சக்சஸ்னு கூட காட்டுச்சு. அப்புறம் தானா ஆஃப் ஆகி ஆன் ஆச்சு. அவ்வளவுதான்" என்றார். சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. திரையில் எதுவும் இல்லை. ரிமோட்டுக்கும் பதில் இல்லை, முன்பக்கப் பட்டன்களுக்கும் பதில் இல்லை. மூன்றாவதில் எதையும் ஏற்றாமல் அப்படியே கொண்டுவந்து கொடுத்தார்.

இனி முதலாவதை 'அ' என்றும், செத்ததை 'ஆ' என்றும், தொடாததை 'இ' என்றும் சொல்கிறேன். மாடல் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் இதில் ஒரு தவறும் செய்யவில்லை. தவிர, நன்றாக விற்கிற எந்த மாடலுக்கும் இதே கதி வரலாம்.

இந்த வேலையில் பெரிய அதிர்ஷ்டம் 'இ' கையில் இருந்ததுதான். செத்த பெட்டி மட்டும் வந்தால், சாவதற்கு முன் அதற்குள் என்ன இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. உயிரோடு ஒரு ஜோடி இருந்தால் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

உரிமையாளர் கேட்டது ஒன்றுதான்: இது ஒரிஜினலா, டூப்ளிகேட்டா? நியாயமான கேள்வி. ஆனால் அப்டேட் செய்யப்போகிறவர் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: இந்த ஃபைல் எந்த போர்டுக்காக எழுதப்பட்டதோ, அந்த போர்டுதானா இது? சாஃப்ட்வேருக்கு ஸ்டிக்கர் தெரியாது, அட்டைப்பெட்டி தெரியாது, ஹோலோகிராம் தெரியாது. அது பேசுவது சாஃப்ட்வேரைச் சேமித்து வைக்கும் ஃபிளாஷ் சிப்போடு, ஓடும்போது தற்காலிக நினைவகமாக இருக்கும் ரேமோடு, டிஷ் சிக்னலைப் பிடிக்கும் டியூனரோடு. அந்த மூன்றும் எதிர்பார்த்ததாக இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் விழும்.

திறப்பதற்கு முன்

வெளித்தோற்றத்தில் அதிக நேரம் செலவழிக்கவில்லை. பிளாஸ்டிக் அச்சு, எழுத்தின் தடிமன், ரிமோட்டின் பட்டன் நிறம் இதையெல்லாம் வைத்துப் போலியைக் கண்டுபிடிப்பதாகப் பலர் சொல்கிறார்கள். 'அ'வையும் 'இ'யையும் அருகருகே வைத்தபோது முகப்பில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அச்சு வார்ப்பதும் ஸ்டிக்கர் அடிப்பதும் போலி செய்பவருக்கு மிகச் சுலபமான வேலை, அதை அவர் நன்றாகவே செய்வார். செலவை மிச்சப்படுத்துவது கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான்.

மெனுவில் உள்ள தகவல் பக்கமும் ஆளை ஏமாற்றும். மாடல் பெயர், ஹார்டுவேர் பதிப்பு என்று அங்கே தெரிவதில் பெரும்பகுதி சாஃப்ட்வேருக்குள் எழுதி வைத்திருக்கும் வெறும் எழுத்து. போர்டைக் கேட்டுச் சொல்வதல்ல. ஃபைலைப் பைட் பைட்டாகத் திருத்தும் ஹெக்ஸ் எடிட்டர் தெரிந்தவர் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். 'இ'யின் தகவல் பக்கமும் 'அ'வின் தகவல் பக்கமும் பதிப்பு எண்ணும் அந்தந்தப் பெட்டிக்குரிய எண்களும் தவிர வரிக்கு வரி ஒன்றாகவே இருந்தன.

அந்தப் பக்கத்தில் இருந்த சீரியல் எண்தான் முதல் துப்பைக் கொடுத்தது. 'இ'யின் அடியில் ஒட்டியிருந்த சீரியல் ஒன்று, மெனுவில் தெரிந்தது வேறொன்று. 'ஆ'வை அப்டேட் செய்வதற்கு முன் உரிமையாளர் அதன் தகவல் பக்கத்தை மொபைலில் படம் எடுத்திருந்தார். நல்ல பழக்கம், எல்லோரும் செய்ய வேண்டியது. அந்தப் படத்தில் இருந்த சீரியலும் 'இ'யின் மெனு சீரியலும் ஒரு எண் பிசகாமல் ஒன்றுதான். மேக் முகவரியும் அப்படியே.

மேக் முகவரி பற்றி ஒரு வார்த்தை. நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண் அது. அதன் முதல் மூன்று பைட்டுகளை ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு தயாரிப்பாளர்களுக்கு ஒதுக்கித் தருகிறது. உதாரணமாக, 00:09:34 என்று தொடங்கினால் அது ட்ரீம்பாக்ஸ் என்ற ரிசீவரைச் செய்த ஜெர்மன் நிறுவனமான ட்ரீம் மல்டிமீடியாவுக்கு ஒதுக்கியது. முதல் மூன்று பைட்டுகள் வேறு யாருக்கோ சொந்தமாக இருந்தால் உஷாராக வேண்டியதுதான். ஆனால் சரியாக இருந்தால் அதை வைத்து நம்பிவிடவும் முடியாது. ஒரே ஒரு அசல் பெட்டியிலிருந்து எடுத்த நகலைத் தயாரிப்பு முழுவதற்கும் எழுதினால் எல்லாப் போலிகளும் அந்த ஒரு அசலின் முகவரியைத்தான் சொல்லும். அதனால் ஒரு பெட்டியை மட்டும் பார்த்தால் தெரியாத விஷயம், ஒன்றாக வாங்கிய இரண்டை ஒப்பிட்டால் வெளிப்பட்டுவிடும். இரண்டையும் ஒரே ரவுட்டரில் மாட்டினால் மாறி மாறி இணைப்பு அறுவதும் இதனால்தான்.

பின்பக்க சீரியல் போர்ட்டில் கணினியை இணைத்து, வேகத்தை 115200 வைத்து, பூட் ஆகும்போது வரும் வரிகளைப் பார்த்தேன். 'அ' பூட்லோடர் (பெட்டி ஆன் ஆனதும் முதலில் ஓடி மற்ற சாஃப்ட்வேரை எழுப்பும் சிறு நிரல்) பதிப்பு, தேதி, ரேம் அளவு, ஃபிளாஷ் அடையாளம் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தது. 'இ' இரண்டு வரியோடு நிறுத்திக்கொண்டு நேராக லோகோவுக்குப் போய்விட்டது. மேலே ஓடும் சாஃப்ட்வேர் பார்ப்பதற்கு ஒரே மாதிரி, கீழே இருக்கும் பூட்லோடர் வேறு. மூடியைத் திறக்காமலேயே கிடைத்த வலுவான ஆதாரம் இது. உங்கள் பெட்டியில் சீரியல் போர்ட் இல்லாமல் போர்டில் நான்கு முனைகள் மட்டும் இருந்தால், அவை பெரும்பாலும் 3.3 வோல்ட். அதைவிட அதிக வோல்ட்டேஜில் பேசும் பழைய ஆர்எஸ்-232 கேபிளை நேரடியாக அதில் சேர்த்தால் மெயின் சிப்பே போய்விடும்.

மூடியைக் கழற்றியதும்

வாரண்டி இருந்தால் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுப்பதுதான் நல்லது. இங்கே அது முடியாத நிலை.

பவர் சப்ளைப் பக்கம் கை வைப்பதற்கு முன் கவனம் தேவை. 230 வோல்ட் ஏசியை டிசியாக மாற்றியதும் முதல் கெப்பாசிட்டரில் ஏறக்குறைய 325 வோல்ட் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அதிலேயே இருக்கும். 'இ'யின் பவர் சப்ளையைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே கவலை வந்தது. மெயின்ஸ் வரும் இடத்தில் இரைச்சல் வடிகட்டும் காயிலுக்கும் கெப்பாசிட்டருக்கும் அச்சடித்த இடங்கள் இருக்கின்றன, பாகங்கள் இல்லை. காயில் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கம்பித் துண்டுகள். இந்தப் பெட்டியிலிருந்து போகும் கேபிள் மொட்டைமாடி டிஷ் வரை செல்கிறது, டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பிக்கு 13 வோல்ட் அல்லது 18 வோல்ட் அதில்தான் போகிறது. சாஃப்ட்வேர் பிரச்சினையை விட்டுவிட்டாலும், இதற்காகவே போலியைத் தவிர்க்கலாம்.

மெயின் போர்டுக்கு வருவோம். மெயின் சிப் இரண்டிலும் ஒன்றே. போலி செய்பவருக்கு அதை மாற்ற வழியில்லை, மாற்றினால் அசல் சாஃப்ட்வேர் ஓடவே ஓடாது. அலி நிறுவனத்தின் எம்3602 போன்ற சிப்புகளை வைத்துப் பல பெயர்களில் ரிசீவர்கள் வந்ததற்கும், அவற்றுக்கு இத்தனை நகல்கள் முளைத்ததற்கும் காரணம் ஒன்றுதான்: சிப் சந்தையில் சுலபமாகக் கிடைத்தது, அதன் அடிப்படை வடிவமைப்பும் பலர் கையில் இருந்தது.

வித்தியாசம் டியூனரில் தெரிந்தது. 'அ'வில் டியூனர் தனி உலோகக் கூட்டுக்குள், பக்கவாட்டில் பாகத்தின் எண் பொறித்து இருக்கிறது. 'இ'யில் கூடே இல்லை. ஒரு சிறிய சிலிக்கான் டியூனர் சிப்பை நேராக போர்டில் வைத்து, பெயருக்கு மேலே ஒரு தகடு மூடியிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த, சிக்னலைத் தரவாக மாற்றும் டிமாடுலேட்டர் வேறு நிறுவனத்துடையது. போர்டின் பெயரும் பதிப்பும் அச்சடித்திருக்கும் மூலையில் 'அ'வில் மாடலும் தேதியும் இருந்தன. 'இ'யில் அந்த மூலை வெறுமையாக இருந்தது.

இதை வைத்து உடனே போலி என்று முடிவு கட்டக் கூடாது. அசல் தயாரிப்பாளர்களே நடுவில் டியூனரை மாற்றுவார்கள். பாகம் கிடைக்காமல் போகும், விலை ஏறும், புது போர்டு போடுவார்கள். அப்போது சாஃப்ட்வேர் ஃபைலையும் பதிப்பு வாரியாகத் தனித்தனியாக வெளியிடுவார்கள். அசல் பெட்டியிலேயே தவறான பதிப்பின் ஃபைலைப் போட்டு சிக்னல் இழந்தவர்கள் உண்டு. அதனால்தான் "எந்த போர்டு?" என்ற கேள்விதான் முதலில் வர வேண்டும் என்கிறேன். அசல், போலி இரண்டுக்கும் அது பொருந்தும்.

இரண்டு பாதிகள்

அடுத்தது ஃபிளாஷ். எட்டுக் கால் உள்ள சின்ன சிப், 25 வரிசை எஸ்பிஐ (தகவலைப் பிட் பிட்டாக அனுப்பும் இணைப்பு முறை) ஃபிளாஷ். 'அ', 'இ' இரண்டிலும் மேலே வின்பாண்ட் என்றும் 25கியூ64 என்றும் எழுதியிருந்தது. 64 என்பது மெகாபிட் கணக்கு, எட்டால் வகுத்தால் 8 எம்பி.

எழுத்தை நம்பாமல் சிப்பிடமே கேட்டுவிடலாம். இந்த வகைச் சிப்புகளுக்குத் தயாரிப்பாளரையும் அளவையும் சொல்லும் ஜெடெக் அடையாளம் என்று மூன்று பைட்டுகள் உண்டு. கிளிப் மாட்டி, புரோகிராமர் (சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் கருவி) வழியாகக் கேட்டால் சொல்லும். 'அ' சொன்னது ஈஎஃப் 40 17. ஈஎஃப் என்றால் வின்பாண்ட். கடைசி பைட் 17, அது பதினாறடிமானம், நம் கணக்கில் 23. இரண்டின் 23ஆம் அடுக்கு 83,88,608 பைட், அதாவது 8 எம்பி. மேலே எழுதியிருப்பதோடு பொருந்துகிறது.

'இ' சொன்னது சி2 20 16. சி2 என்றால் மேக்ரோனிக்ஸ். 16 என்றால் 22, இரண்டின் 22ஆம் அடுக்கு 41,94,304. வெறும் 4 எம்பி. வேறு நிறுவனத்தின் பாதி அளவுச் சிப்பைச் சுரண்டி, மேலே புதிதாக எழுத்து அடித்திருக்கிறார்கள். லென்ஸ் வைத்து, வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தபோது மேற்பரப்பில் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் தெரிந்தன.

அடையாளத்தைக்கூடப் பொய்யாகச் சொல்லும் சிப்புகள் இருக்கலாம் என்பதால் இன்னொரு சோதனையும் செய்தேன். எதை விட்டாலும் இதை விடாதீர்கள். சிப் 8 எம்பி என்று புரோகிராமரிடம் சொல்லி முழுவதையும் படிக்க வேண்டும். வந்த ஃபைலை நடுவில் வெட்டி, முன்பாதியையும் பின்பாதியையும் ஒப்பிட வேண்டும். உண்மையான 8 எம்பி சிப்பில் இரண்டு பாதிகளும் வெவ்வேறாக இருக்கும். 'இ'யில் இரண்டும் பைட்டுக்குப் பைட் ஒன்றே. 4 எம்பிக்கு மேல் முகவரி கேட்டால் சிப் மேல் பிட்டைக் கண்டுகொள்ளாமல், பழையபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கிவிடுகிறது. வண்டியின் கிலோமீட்டர் காட்டி 99999க்கு அப்புறம் 00000 ஆவது போலத்தான். எழுத்து பொய் சொல்லலாம், அடையாளம் பொய் சொல்லலாம். இல்லாத 4 எம்பியை எந்தச் சிப்பாலும் உண்டாக்க முடியாது.

படிக்கும்போது ஒரு முறை படித்துவிட்டு நிறுத்தக் கூடாது. போர்டிலேயே கிளிப் மாட்டிப் படித்தால், புரோகிராமரின் மின்சாரத்தில் மெயின் சிப்பும் அரைகுறையாக விழித்துக்கொண்டு குறுக்கிடும். இரண்டு மூன்று முறை படித்து, செக்சம் (ஃபைல் முழுவதையும் வைத்துக் கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒன்றாக வந்தால்தான் அந்த டம்ப்பை, அதாவது சிப்பின் முழு நகலை, நம்பலாம். மாறி மாறி வந்தால் சிப்பைக் கழற்றித்தான் படிக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் கறுப்பு நிற சிஎச்341ஏ புரோகிராமரில் டேட்டா கால்களில் 5 வோல்ட் வருகிறது, இந்தச் சிப்புகளோ 3.3 வோல்ட். அதைத் திருத்திக்கொள்ளாமல் பயன்படுத்த வேண்டாம்.

'ஆ' செத்த விதம்

இது தெரிந்ததும் 'ஆ'வின் கதை தானாகப் புரிந்துவிட்டது. ஆனாலும் ஊகத்தோடு விடாமல் 'ஆ'வின் ஃபிளாஷையும் படித்தேன். அதுவும் அதே 4 எம்பி சிப்தான். பூட்லோடர் இருக்க வேண்டிய ஆரம்ப முகவரியில் நிரல் எதுவும் இல்லை. தயாரிப்பாளரின் அப்டேட் ஃபைலை எடுத்து, அதன் பின்பாதியை இந்த 4 எம்பியோடு ஒப்பிட்டேன். பொருந்தியது.

நடந்தது இதுதான். 'ஆ'வில் முதலில் இருந்தது அசல் சாஃப்ட்வேரின் பழைய பதிப்பு. சில வசதிகளைக் கத்தரித்து, டியூனர் டிரைவரை மாற்றி, 4 எம்பிக்குள் அடக்கியது. ஆனால் அப்டேட் செய்யும் பகுதியைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள். அந்தப் பகுதி ஃபைலின் தலைப்பில் மாடல் பெயர் சரியா என்று மட்டும் பார்க்கிறது. அசல் பெட்டியில் ஃபிளாஷ் எப்போதும் 8 எம்பிதான் என்பதால், அளவைச் சரிபார்க்க வேண்டிய தேவை அதை எழுதியவருக்கு வரவில்லை.

மாடல் பெயர் சரி. எழுத ஆரம்பித்தது. முதல் 4 எம்பி ஒழுங்காக ஏறியது, பூட்லோடர் உட்பட. அதற்கு அடுத்த பைட், 4 எம்பி எல்லையைத் தாண்டி எழுத வேண்டியது, சுற்றிவந்து பூஜ்ஜியம் முகவரியில் விழுந்தது. சற்று முன் எழுதிய பூட்லோடரை அழித்து, அதன் மேல் ஃபைலின் பின்பாதி ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு பகுதியையும் எழுதியவுடனே படித்துச் சரிபார்த்தாலும் தவறே தெரியாது. எழுதியதைத்தானே படிக்கிறது! அப்டேட் செய்யும் நிரல் ரேமில் ஓடுவதால், காலடியில் ஃபிளாஷ் அழிவது அதற்குத் தெரியவில்லை. அதனால்தான் 100 சதவீதம், அதனால்தான் "சக்சஸ்". பவர் போய் வந்தபோது மெயின் சிப் பூஜ்ஜியம் முகவரியில் பூட்லோடரைத் தேடியது, அங்கே இல்லை.

அப்டேட் நடுவில் கரண்ட் போய்விட்டதா, பென்டிரைவ் சரியில்லையா, ஃபைல் பாதி டவுன்லோட் ஆனதா என்று இது போன்ற கேஸ்களில் வழக்கமாகத் தேடுகிற காரணம் எதுவும் இங்கே பொருந்தாது. எல்லாம் சரியாக நடந்தும் சாகும் பெட்டி இது.

உயிர்ப்பித்தல் சுலபமாக முடிந்தது. 'இ'யிலிருந்து எடுத்த 4 எம்பி டம்ப்பை 'ஆ'வில் எழுதினேன், பழையபடி ஓடியது. அசல் பெட்டிகளுக்குள் இப்படி மாற்றி எழுதினால் சீரியலும் மேக் முகவரியும் குழம்பும், முதலில் அந்தப் பகுதியைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். இங்கே அந்தக் கவலையே இல்லை, இரண்டுக்கும் ஏற்கெனவே ஒரே எண்தான்.

அதற்கு முன் ஒரு சோதனையும் செய்து பார்த்தேன். 'ஆ'வில் உண்மையான 8 எம்பி சிப்பை மாட்டி, 'அ'வின் முழு டம்ப்பை எழுதினேன். ஃபிளாஷ் மட்டும்தான் குறை என்றால் அது அசலாகவே ஆகியிருக்க வேண்டும். லோகோ வந்தது, மெனு வந்தது, சேனல் பட்டியலும் வந்தது. சிக்னல் பட்டை இரண்டும் பூஜ்ஜியம். அசல் டிரைவர், சிப்புகள் தமக்குள் பேசும் ஐ2சி பாதையில், தனக்குத் தெரிந்த முகவரியில் டிமாடுலேட்டரைக் கூப்பிடுகிறது. அந்த முகவரியில் இந்த போர்டில் யாரும் இல்லை. அளவு பொருந்தினாலும் இந்த போர்டு அந்த போர்டு ஆகாது.

கடைசியாக, போர்டின் படங்களைத் தயாரிப்பாளருக்கு அனுப்பும்படி உரிமையாளரிடம் சொன்னேன். அது தாங்கள் செய்த போர்டு அல்ல என்று பதில் வந்தது. அவர் கேட்ட கேள்விக்கு அப்போதுதான் உறுதியான விடை கிடைத்தது.

தடுக்கி விழுவது வேறு, தள்ளிவிடுவது வேறு

போலியில் அப்டேட் தோற்றதும் "கம்பெனியே வேண்டுமென்று கொன்றுவிட்டது" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 'ஆ' விஷயத்தில் அது உண்மையல்ல, அசல் ஃபைலில் போலியைத் தேடும் நிரல் எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் வேண்டுமென்றே தடுக்கும் வழிகளும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது பயன் தரும். ஏனென்றால் முதல் வகையை போர்டைப் பார்த்து முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம், இரண்டாவதை எப்போதும் அப்படிக் கண்டுபிடிக்க முடியாது.

ட்ரீம்பாக்ஸ் இதற்கு நல்ல உதாரணம். பழைய டிஎம்500 மாடலுக்கு எக்கச்சக்கமான நகல்கள் வந்தன. டிஎம்800 வந்தபோது தனியாக ஒரு பாதுகாப்புச் சிப்பை உள்ளே வைத்தார்கள். நகல் செய்தவர்கள் அதற்குப் பதிலாக சிம் போன்ற அட்டையைச் சொருகினார்கள். போலிகளுக்கென்றே மாற்றியமைத்த இமேஜ்கள் (முழு சாஃப்ட்வேர் ஃபைல்கள்) தனியாகப் புழங்கின. எந்த இமேஜ், எந்த இரண்டாம் நிலை லோடர், எந்த சிம் என்று பொருத்தம் பார்க்காமல் போட்டவர்கள் பெட்டியை இழந்தார்கள். அந்தப் பாதுகாப்புச் சிப் நல்ல விதமாகவும் பயன்பட்டது. அசலா என்று சரிபார்க்கும் பிளகின் ஒன்று, புதிதாக ஒரு எண்ணை அனுப்பி அதைக் கையொப்பமிடச் சொல்லும். சரியான ரகசியச் சாவி உள்ளே இருக்கும் சிப்பால் மட்டுமே அதற்குப் பதில் சொல்ல முடியும். சீரியல் எண்ணைக் காப்பி அடிக்கலாம், சிப்பை விட்டு வெளியே வராத சாவியை அப்படி அடிக்க முடியாது. உங்கள் ரிசீவருக்கு இப்படி ஒரு சோதனை இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன் அதைச் செய்யுங்கள்.

இதைவிடக் கடுமையான சம்பவம் ரிசீவர் உலகத்துக்குச் சற்று வெளியே நடந்தது. ரிசீவரைக் கணினியோடு இணைக்க நாம் பயன்படுத்தும் யுஎஸ்பி சீரியல் கேபிள்களில் எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப் பிரபலம், அதற்குப் போலிகளும் அதிகம். 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அந்த நிறுவனத்தின் புதிய டிரைவர், போலிச் சிப்பைக் கண்டால் அதன் தயாரிப்பு அடையாள எண்ணைப் பூஜ்ஜியமாக மாற்றியது. அதன்பின் எந்தக் கணினியிலும் அந்தக் கேபிள் வழக்கம்போல் வேலை செய்யவில்லை. கடும் எதிர்ப்பு கிளம்பியதும் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். தன் சிப்பைக் காத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் போலி என்று தெரியாமல் வாங்கியவரின் பொருளைக் கெடுப்பது சரியல்ல. டிரைவர் வேலை செய்ய மறுத்து, காரணத்தைச் சொன்னால் போதும்.

நடைமுறையில் அப்டேட்டுக்கு முன்

இந்தக் கேஸுக்குப் பிறகு யார் ரிசீவர் கொண்டுவந்தாலும் நான் சொல்வது: முதலில் தகவல் பக்கத்தைப் படம் எடுங்கள். ஒட்டிய சீரியலும் மெனு சீரியலும் ஒன்றா என்று பாருங்கள். ஒரே மாதிரி இரண்டு இருந்தால் அவற்றின் எண்கள் வேறுபடுகின்றனவா என்றும் பாருங்கள். எதுவும் இடித்தால் அப்டேட் வேண்டாம். இடிக்காவிட்டாலும், திறக்கத் தெரிந்தவர் கையில் ஒரு முழு டம்ப் எடுத்து, இரண்டு பாதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஏற்றுங்கள். அந்த டம்ப் இருந்தால் எது தவறினாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம், அது இல்லாமல் செய்யும் மற்ற எல்லாச் சோதனையும் அரைகுறைதான். பெட்டியைத் திறக்க முடியாதவர்கள், மெனுவில் முழு மென்பொருள் அல்லது மெயின் கோட் மட்டும் என்று தேர்வு இருந்தால் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கலாம். பூட்லோடர் தப்பித்தால் சீரியல் கேபிள் வழியாக மீட்க வாய்ப்பு இருக்கும். ஆனால் 'ஆ' போன்ற பெட்டியில் அதுவும் காப்பாற்றாமல் போகலாம். எல்லை தாண்டும் எழுத்து எங்கே விழும் என்று யார் கண்டது?

பெயர் தெரியாத இடங்களில் கிடைக்கும் "டூப்ளிகேட்டுக்கான ஸ்பெஷல் சாஃப்ட்வேர்" பற்றியும் உரிமையாளர் கேட்டார். வேண்டாம் என்றேன். யார் எழுதியது, எந்த போர்டுக்கு எழுதியது என்று தெரியாத ஒன்றை ஏற்றுவது, இதுவரை பார்த்த அதே ஆபத்துதான். கூடவே அது வீட்டு நெட்வொர்க்கில் எப்போதும் இணைந்திருக்கும் பெட்டி. உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரியாமல் ரவுட்டரில் மாட்டி வைக்கக் கூடாது.

'அ' தயாரிப்பாளரின் அப்டேட்டுகளைத் தொடர்ந்து வாங்கிக்கொள்ளலாம். 'ஆ'வும் 'இ'யும் பழைய சாஃப்ட்வேரிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். இரண்டின் அடியிலும் "4 எம்பி, அப்டேட் செய்யாதே" என்று எழுதி ஒட்டினேன், டம்ப் ஃபைலை உரிமையாளரின் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். பவர் சப்ளையைக் காட்டி, இரண்டையும் ஆள் இல்லாத நேரத்தில் பிளக்கில் விட்டுவைக்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினேன். கொடுப்பதற்கு முன் செய்த கடைசி வேலை, மெனுவில் சாட்டிலைட் வழியாகவும் நெட்வொர்க் வழியாகவும் வரும் தானியங்கி அப்டேட்டை அணைத்தது. அது ஆனில் இருந்தால் ரிமோட்டில் யாராவது ஒருமுறை ஓகே அழுத்தினாலே போதும், அதே 8 எம்பி ஃபைல் மறுபடியும் ஏறத் தொடங்கிவிடும்.